பெரிய வீட்டு வாசலில் நின்ற பச்சை பிளசர்

அன்றைக்கு வண்டிக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டுகிற இடத்தில் திருக்கோகர்ணத்துப் பட்டறைக்கார பாய். அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர். பின் சீட்டில் என் மாமியார், அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்குப் பக்கத்தில் நான். என் காலடியில் வாய் கட்டிய இரண்டு பித்தளைக் குடங்களில் தண்ணீர். வண்டிக்கு வெளியே இரண்டு பேர்: வாசலில் குடையோடு பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை, மாடி வராந்தாவில் பெரிய வீட்டுக்காரர். தெருவில் கூடி நின்றவர்களை நான் எண்ணவில்லை. அத்தையைக் கேட்டால் வண்டிக்குள் ஐந்து பேர் என்பார். முகப்பில் மாரியம்மன் சேலை கட்டியிருந்ததால் அம்மனையும் ஆள் கணக்கில் சேர்த்துவிட்டார்.

ஆள் கணக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் இந்தச் சங்கதியை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நாங்கள் பத்துப் பேர் கம்போடு போனோம் என்கிறார் ஒருவர். பின் சீட்டில் வக்கீல் இருந்தார் என்கிறார் இன்னொருவர். கம்பும் இல்லை, வக்கீலும் இல்லை. நான்கு பேர், இரண்டு குடம் தண்ணீர், ஒரு சேலை.

அறந்தாங்கி ரோட்டில் இருந்து பிரிந்து இரண்டு மைல் மணல் பாதையில் வந்தால் எங்கள் ஊர். ஊருக்குள் நுழைய ஒரே தெரு. பெரிய வீட்டைத் தாண்டாமல் யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது. பெரிய வீட்டு மதில் தொடங்குகிற இடத்தில் ஒரு வேப்பமரம், முடிகிற இடத்தில் ஒரு பூவரசு. அந்த இரண்டு மரத்துக்கும் நடுவே ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். குடையை மடக்க வேண்டும். சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். மாட்டு வண்டி என்றால் ஆண், பெண் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். சமஸ்தானம் இருந்த காலத்து வழக்கம் என்பார்கள். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடி, அணா போய் நயா பைசா வந்த பிறகும் அந்த இரண்டு மரத்துக்கும் நடுவே மட்டும் எதுவும் மாறவில்லை.

நான் பொன்னமராவதிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. வைகாசி மாதம், உச்சி வெயில். கூண்டு வண்டி வேப்பமரத்தடியில் நின்றதும் வீடு வந்துவிட்டது என்று நினைத்து இறங்கினேன். வீடு வரவில்லை. பட்டுச் சேலையும் மாலையுமாக வெறுங்காலோடு சுடுமணலில் என்னை நடத்திக்கொண்டு போனார்கள். பயம் வந்தால் எண்ணுவது என் பழக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்திவிட்டார்கள். படித்ததில் என்னோடு தங்கியது எண்ணிக்கை ஒன்றுதான். நாற்பத்திரண்டு எட்டு எடுத்து வைத்தேன். பூவரசு மரத்தடியில் மறுபடி வண்டியில் ஏறியபோது அத்தை என் காதோரம் சொன்னார்:

"கால் சுட்டுச்சா ஆத்தா? போகப் போகப் பழகிரும்."

எனக்குப் பழகவில்லை. எத்தனை வருஷம் போனாலும் வேப்பமரம் கண்ணில் பட்டதுமே உள்ளங்கால் சுடும், மார்கழி மாதமாக இருந்தாலும்.

என் வீட்டுக்காரருக்குக் கடலை வியாபாரம். கடலை உடைக்கிற மிஷின் ஒன்று வாங்கிப் போட்ட பிறகு தொழில் நன்றாக நடந்தது. ஆனால் கடலை காயப்போடுகிற களம் பெரிய வீட்டுக்குச் சொந்தம். அவர்கள் இடம் தந்தால்தான் எங்கள் மிஷின் ஓடும். அவருடைய பணிவுக்குக் காரணம் அதுதான், அவரைக் கோழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், இலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"பிளசர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஏவாரத்துக்கும் ஆச்சு, கல்யாணம் காட்சிக்கு வாடகைக்கு விட்டாலும் ஆச்சு. ரொம்பப் பெருசு வேணாம். குடும்பத்துக்கு அளவா, நாலு கதவு வச்சதா."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காரை யாரும் கார் என்று சொல்ல மாட்டார்கள். பிளசர்தான்.

"வாங்குங்க," என்றேன். "ஆனா நான் எறங்க மாட்டேன்."

"எங்க எறங்க மாட்ட?"

"எங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். பெரிய வீட்டு பிளசரைத் தவிர வேறு பிளசர் அந்தத் தெருவுக்குள் வந்ததே இல்லை. எப்போதாவது வரும் அதிகாரிகளின் ஜீப்புக்கு இந்த வழக்கம் கிடையாது. ஊர்க்காரன் பிளசரில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. இறங்கி, அதை எப்படித் தள்ளுவது?

அத்தை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். "அடிக்கடி நின்னு போற பழைய வண்டியாப் பாத்து வாங்கு தம்பி. வேப்பமரத்துக்கிட்ட வந்ததும் நிப்பாட்டிப்புட்டு, நின்னுருச்சுன்னு சொல்லி எறங்கித் தள்ளிக்கிட்டுப் போயிரலாம். பெரிய வீட்டுக்கும் மரியாதை ஆச்சு, நமக்கும் பிளசர் ஆச்சு."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் அதை யோசிக்க ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், வண்டி பார்க்கப் போகிற இடத்துக்கெல்லாம் நானும் போவது என்று. பெண்பிள்ளை வண்டி பார்க்கப் போவதா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம். சுடுமணலைத்தான் தாங்க முடியாது.

முதலில் திருச்சிக்குப் போய்ப் புது வண்டி பார்த்தோம். கண்ணாடி போட்ட கடை, வாசலில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிற மாதிரி. புது வண்டியின் வாசனை, கலியாண வீட்டுப் பெட்டியைத் திறந்தது போல இருந்தது. விலை பதின்மூன்றாயிரத்துக்கு மேல். அதையாவது மிஷினை அடகு வைத்துப் புரட்டலாம். கழுத்தில் பட்டை கட்டிய ஒருவர் சொன்னது வேறு.

"முன்பணம் கட்டிப் பேரைப் பதிஞ்சுட்டுப் போங்க. ஒங்க முறை வந்ததும் கடுதாசி போடுவோம்."

"முறை எப்பங்க வரும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாலு வருஷம் ஆகலாம். அஞ்சும் ஆகலாம்."

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "புது வண்டி நடுத் தெருவுல நின்னுருமாங்க?"

அவர் சிரித்தார். "புது வண்டி எதுக்கும்மா நிக்கப் போவுது?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் எண்ணிக்கொண்டே வந்தேன். மாதத்துக்கு எட்டுத் தடவை வெளியே போய் வந்தாலும், போகும்போது நாற்பத்திரண்டு, வரும்போது நாற்பத்திரண்டு, இப்படி ஐந்து வருஷம். கீரனூர் வருவதற்குள் கணக்கு என் படிப்பைத் தாண்டிவிட்டது.

"பழசு பாப்போம்," என்றேன்.

"நீதானே நின்னு போகும்னு பயந்த?"

"பயந்துக்கிட்டேதான் பாப்போம்."

பழைய வண்டி பார்க்கத் துணைக்குக் கிடைத்தவர்தான் பாய். திருக்கோகர்ணத்தில் பட்டறை வைத்திருந்தார். எங்கள் மிஷினைப் பழுது பார்க்க வந்து பழக்கம். அத்தை சொன்ன யோசனையை என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னார். பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்பிடி வண்டிதான் வேணும்னா தேடவே வேணாம் தம்பி. நம்ம பட்டறையில நாலு நிக்குது. ஆத்தாளைக் கூட்டிட்டு வந்து எது நல்லா நிக்குதுன்னு பாக்கச் சொல்லுங்க."

புதுக்கோட்டை டவுனுக்குள் ஒரு வீட்டில் சமஸ்தான காலத்துச் சீமை வண்டி ஒன்று விலைக்கு வந்தது. உள்ளே உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரருக்கு எழுந்திருக்க மனசில்லை. கறுப்பு, நீளம், கதவைச் சாத்தினால் கோயில் கதவு போலச் சத்தம். விலையும் குறைவு. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் என்றார் பாய். நான் வீட்டு அம்மாளிடம் என் கேள்வியைக் கேட்டேன்.

"வழியில நிக்குமாங்க?"

"எப்பவாச்சும்," என்றார் அந்த அம்மாள், நல்ல மனசோடு.

எப்போதும் நிற்கிற வண்டியைக்கூட நம்பலாம். எப்போது நிற்கும் என்று தெரியும். எப்பவாச்சும் நிற்கிற வண்டி எங்கே நிற்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "வேணாம்," என்றேன். ஊர் வரும்வரை என் வீட்டுக்காரர் முகத்தை பஸ் ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தார்.

மூன்றாவது வண்டி பொன்னமராவதியில், எங்கள் அம்மா வீட்டுக்குப் போகும் வழியிலேயே இருந்தது. ஒரு டாக்டர் வைத்திருந்தது. அவர் காலமாகி, வீட்டம்மா மகளோடு பட்டணத்துக்குப் போகப் போகிறார். குளத்துப் பாசி நிறம். ரொம்பப் பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை. நான்கு கதவு. முன் சீட்டில் ஒரு கிழிசல். அதை டாக்டர் காயத்துக்குத் தையல் போடுவது போலவே போட்டுத் தைத்திருந்தார். விலை ஐயாயிரத்து இருநூறு.

என் வீட்டுக்காரர் பெயிண்டைத் தடவிப் பார்த்தார். பாய் அடியில் படுத்து எழுந்தார். நான் அந்த அம்மாளிடம் கேட்டேன்.

"நின்னுருக்குமா, எப்பவாச்சும்?"

"பிரசவம் பாக்கப் போற வண்டிம்மா," என்றார். "நின்னா ரெண்டு உசிருல்ல போகும்? அவர் அதை நிக்க விட்டதில்ல."

அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. உச்சி வெயில் வரும்வரை காத்திருக்கச் சொன்னேன். வண்டியில் நாங்கள் மூன்று பேரும் ஏறி, பின்னால் ஒரு மூட்டைக் கடலையும் போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஊரைச் சுற்றச் சொன்னேன். ஒருமுறை சுற்றி வந்ததும் இன்னொரு முறை என்றேன். பாய் நெற்றி வியர்வையை வழித்து எறிந்தார்.

"காரு பாக்க வாரவுக வேகமா ஓட்டச் சொல்லுவாக. தங்கச்சி ஒண்ணுதான் காரை நடக்க விட்டுப் பாக்குது. ஊருல தேரா இழுக்கப் போறீங்க?"

"நடக்குதா இல்லியா, அதச் சொல்லுங்க."

"நடக்குது. இது நிக்காது. நான் பொறுப்பு."

வண்டி நிற்கவில்லை. சூடு காட்டுகிற ஊசி கூட ஏறவில்லை. மறு வாரமே முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தோம். அந்த வண்டிக்காக யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்கவில்லை.

வண்டியை ஊருக்குக் கொண்டு வந்த அன்று காலை பொன்னமராவதியில் இருந்து கிளம்பி, வழி நெடுக நல்லபடியாக வந்தது. அப்போதே நான் இரண்டு குடம் தண்ணீரைக் காலடியில் வைத்துக்கொண்டேன். "குளத்தைத் தாண்டித் தாண்டித்தானே போறோம், குடம் எதுக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "கோவிச்சுக்காதீங்க, இருக்கட்டும்," என்றேன். எலுமிச்சம் பழம், விபூதி, தலைவலித் தைலம், ஒரு முழம் கயிறு, மாற்றுச் சேலை எல்லாம் என் பையில் இருந்தன. வரக்கூடிய கஷ்டங்கள் அத்தனையையும் யோசித்து எடுத்து வைத்திருந்தேன், ஒன்றைத் தவிர.

அறந்தாங்கி ரோட்டில் எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தில் மாரியம்மன் கோயில். அத்தை அங்கே காத்திருந்தார். அம்மனுக்குச் சாத்திய சிவப்புச் சேலையைப் பூசாரியிடம் வாங்கி, வண்டியின் முகப்பில் கட்டச் சொன்னார். அதன்மேல் தொடை தண்டிக்கு ஒரு மாலை.

"முன்னாடி காத்துப் போகணும் ஆத்தா," என்றார் பாய். "மூடக் கூடாது."

"அம்மனை விடவா காத்து பெருசு?"

"ஆத்தா சொன்னா சரிதான். ரெண்டு மைல்தானே," என்று பாய் விட்டுவிட்டார்.

சேலையைக் கட்டியது நான். காற்றில் பறந்துவிடுமோ என்று பயம். இரண்டாக மடித்து, முகப்பு முழுவதும் இழுத்துப் போர்த்தி, இந்தப் பக்கம் மூன்று முடிச்சு, அந்தப் பக்கம் மூன்று முடிச்சு. ஊசி நுழைய இடமில்லாமல் கட்டினேன்.

மணல் பாதையில் சக்கரம் புதைந்து புதைந்து, பெரிய கியருக்கே போகாமல் வண்டி உறுமிக்கொண்டு வந்தது. வேப்பமரம் தெரிந்தது. என் உள்ளங்கால் சுட்டது. வேப்பமரத்தைத் தாண்டினோம். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். வாசலுக்கு நேராக வந்ததும் முகப்பில் இருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மாலைப் பூவெல்லாம் இட்லிக் கொப்பரைத் துணி மாதிரி வெந்து தொங்கியது. வண்டி இரண்டு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது.

நின்றது பெரிய வீட்டு வாசலில். ஓர் அடி முன்னாலும் இல்லை, ஓர் அடி பின்னாலும் இல்லை.

கணக்குப்பிள்ளை குடையைச் சுழற்றிக்கொண்டு படியிறங்கினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"என்ன, நின்னுருச்சா? நல்லதாப் போச்சு. எப்பிடிடா சொல்றதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், வண்டிக்கே தெரிஞ்சுருக்கு. எறங்குங்க, எறங்குங்க. அந்தப் பூவரசு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயிருங்க."

என் வீட்டுக்காரர் கை கதவுப் பிடிக்குப் போனது. நான் பின்னாலிருந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தேன். வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் செய்ததில்லை.

"எறங்காதீங்க."

"விடு புள்ள. நின்ன வண்டியத் தள்ளித்தானே ஆகணும்? இது மரியாதைக்கு எறங்குறது இல்ல."

"அவுக அப்பிடி நெனைக்கலியே. மூஞ்சியப் பாருங்க."

அவர் பார்த்தார். கை கதவுப் பிடியிலேயே இருந்தது, ஆனால் திருகவில்லை. "களம்," என்றார் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "களத்தை மறந்துட்டியா?"

"மறக்கல."

பாய் இறங்கினார். அவர் வெளியூர்க்காரர், அவரை இந்த வழக்கம் கட்டாது. பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு என் ஜன்னல் பக்கம் வந்தார். "கொதிச்சுப் போச்சு தங்கச்சி. வேற கோளாறு ஒண்ணுமில்ல. சேலை காத்த அடச்சிருச்சு. நல்லா ஆறணும், அப்பறந்தான் மூடியத் தெறந்து தண்ணி ஊத்தலாம். ஒரு மணி நேரம் ஆவும். ஒண்ணரையும் ஆவும்."

எவ்வளவு யோசித்தேன், எத்தனை வண்டியை வேண்டாம் என்றேன். கடைசியில் நிறுத்தியது என் கையால் போட்ட ஆறு முடிச்சு.

கணக்குப்பிள்ளை குரலை உயர்த்தினார். "என்ன, காதுல விழலியா? வாசலை அடச்சுக்கிட்டு உக்காந்தா எப்பிடி?"

அப்போது அத்தை தலையை வெளியே நீட்டினார்.  வாழ்நாளெல்லாம் இறங்கி நடந்தவர், அவர் இறங்கினால் நாங்களும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

"என்னய்யா எறங்கு எறங்குங்குற? முன்னாடி யாரு இருக்கான்னு பாத்தியா? மாரியாத்தா சேலை. ஆத்தா ஊர்வலம் வாரா. ஆத்தாளை எறங்கித் தள்ளச் சொல்றியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கணக்குப்பிள்ளை குடையை ஒருகணம் தாழ்த்திவிட்டார். மேலே வராந்தாவைப் பார்த்தார். பெரிய வீட்டுக்காரர் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை தணிந்த குரலில், "அம்மன் இருக்கதுனால இருக்கட்டும். அம்மனுக்காக நாங்களும் விட்டுக்குடுக்குறோம்," என்றார்.

தப்பித்துவிட்டோம். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். என் வீட்டுக்காரர் கையைக் கதவில் இருந்து எடுத்துவிட்டார். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் எப்போதும் வாயை மூடிக்கொண்டு இருப்பவள்தான். ஆனால் சேலை இருக்கிறவரை வண்டி ஆறாது. அதுவும் போக, அம்மனுக்காக விட்டார்கள் என்றால் நாளைக்கு அம்மன் இல்லாமல் வரும்போது? வருஷம் முழுவதும் சேலை கட்டிக்கொண்டு வண்டி ஓட்ட முடியுமா?

"பாய்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பாய், சேலைய அவுத்துருங்க."

"அடி பாவி," என்றார் அத்தை.

"அவுத்துச் சுருட்டி அத்தைகிட்டக் குடுங்க. வண்டி ஆறட்டும்." பிறகு கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன்: "சேலை போயிருச்சுங்க. நாங்கதான் இருக்கோம். நாங்களும் எறங்க மாட்டோம்."

 அவர் திட்ட ஆரம்பித்தார். கடலைக்காரன் பெண்டாட்டிக்கு வந்த கொழுப்பு என்றார். களத்தில் ஒரு கடலை காயாது என்றார். நான் மடியில் கையைக் கோத்துக்கொண்டு எண்ணினேன். ஆயிரம் வரை எண்ணி, மறுபடி ஒன்றில் இருந்து ஆரம்பித்தேன். வண்டிக்குள் சூடு அடுப்பு மாதிரி ஏறியது. ஒருவர் சேலையிலும் சட்டையிலும் காய்ந்த இடம் இல்லை. என் வீட்டுக்காரர் நேராக முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்மேல் கோபமாக இருக்கிறாரா என்று கழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

பெரிய வீட்டுக்காரர் வராந்தா ஓரத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"வெயில் ஏறுது. எம்புட்டு நேரம் இப்பிடி உக்காந்துருப்பீங்க?"

 நான்தான் சொன்னேன். "வண்டி ஆறுற வரைக்குங்க."

"ஆம்பள மட்டும் எறங்கி நிக்கட்டும். பொம்பளைக உக்காந்துக்கங்க. அது போதும்."

 இதற்கு நான் பதில் சொல்ல முடியாது. அவர்தான் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் மேலே பார்க்கவில்லை. பார்க்காமலே, கடலை விலை சொல்கிற குரலில் சொன்னார்:

"இருக்கட்டுங்க. வண்டிக்குள்ளயே சௌகரியமா இருக்கு."

பெரிய வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார்.

இன்னும் கொஞ்ச நேரம் போனதும் அத்தை என் தொடையைக் கிள்ளினார். "இந்தாடி, எனக்கு ஒண்ணுக்கு வருது."

"அத்தே..."

"எறங்கவா சொன்னேன்? வருதுன்னுதானே சொன்னேன். அடக்கிக்கிறேன். மாப்பிள்ள அழைப்புக்கெல்லாம் விடிய விடிய அடக்கிக்கிட்டு உக்காந்தவ நான்." சேலைச் சுருட்டை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "ஒரு தடவை நான் இங்க எறங்கி நடந்தப்ப என் இடுப்புல இவன் இருந்தான். காச்சல்ல கெடந்தான்," என்றார். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது அதுவரை தெரியாது.

உச்சி வெயில் சாய ஆரம்பித்தபோது பாய் மூடியைத் துணி போட்டுத் திறந்தார். பெரிய வீட்டுக் கிணறு பத்தடியில் இருந்தது. கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. என் இரண்டு குடத்தையும் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தேன். ஒன்றரைக் குடம் குடித்தது வண்டி. பாய் கிராங்க் கம்பியை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். இருமியது. இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

வாசலில் இருந்து பூவரசு மரம் வரை இருபது எட்டுக்கு மேல் இருக்கும். நான் எண்ண ஆரம்பித்து மூன்று என்று சொல்வதற்குள் மரம் பின்னால் போய்விட்டது. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அத்தைதான் முதலில் இறங்கிக் கொல்லைப்புறம் ஓடினார்.

அந்த வாரமே ஊர்க்கூட்டம் போட்டார்கள். வாசலில் இறங்காத குற்றத்துக்குத் தெண்டம் விதித்தார்கள். களம் போயிற்று. ஊருக்கு வெளியே இருக்கிற மொட்டைப் பாறையைக் கூட்டிப் பெருக்கி அதில் கடலை காயப் போட்டோம். பாறைச் சூட்டில் ஒருநாள் முந்தியே காய்ந்தது. ஆனால் தூக்கிக்கொண்டு போகவும் வரவும் கூலி இரட்டிப்பு. இரண்டு வருஷம் கஷ்டம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எல்லாரும் மறுநாளே சைக்கிளில் ஏறிப் போனார்கள் என்று சொன்னால் அதுவும் பொய். பலர் இறங்கித்தான் போனார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் மட்டும் இறங்காமல் போனார். அடுத்து அவருக்குப் பால் ஊற்றுகிறவர். ஒவ்வொரு ஆளாகத்தான் நடந்தது.

பச்சை பிளசர் எங்களிடம் பதினோரு வருஷம் ஓடியது. அதன் முகப்பில் அப்புறம் யாரையும் ஒரு பூக்கூட வைக்க நான் விட்டதில்லை. அந்த வாசலில் அது மறுபடி நிற்கவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் இரண்டு குடம் தண்ணீர் என் காலடியில் இருந்தது.

வருஷா வருஷம் பங்குனித் திருவிழா வரி வாங்க வரும்போது கணக்குப்பிள்ளை நோட்டைப் பிரித்து, பழைய தெண்டப் பாக்கி ஒன்று இருக்கிறதே என்பார். முதல் வருஷம் என் வீட்டுக்காரர், "குடுத்துத் தொலைச்சிருவோமா?" என்று என்னைக் கேட்டார். நான் கோயில் வரியை மட்டும் எண்ணிக் கொடுத்தேன். அடுத்த வருஷத்தில் இருந்து அவர் கேட்கவில்லை. பிறகு கணக்குப்பிள்ளை போய் அவர் மகன் வந்தார். நோட்டும் மாறியது. பாக்கி மட்டும் பக்கத்துக்குப் பக்கம் பெயர்த்து எழுதப்பட்டு வந்துகொண்டே இருக்கிறது. இதை எழுதுகிற இன்றைக்கும் அவர்கள் கணக்குப்படி நாங்கள் கொடுக்க வேண்டியது நூற்றியொரு ரூபாய்.